1,18,000 ரூபாய் பில்: ஸ்டார்ட்அப் ஆலோசனைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் படிக்கவும்

கிணற்று மோட்டாரை செல்போனிலேயே ஆன், ஆஃப் செய்யும் கருவி. இந்த ஐடியாவோடு கோவையில் இரண்டு இளைஞர்கள் ஒரு ‘ஸ்டார்ட்அப் மென்டரிங்’ நிறுவனத்துக்குப் போனார்கள். பேக்கேஜ் 1,00,000 ரூபாய், 18% ஜிஎஸ்டியோடு 1,18,000. முழுத் தொகையும் முன்பணமாகவே வாங்கப்பட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். லெட்டர்ஹெட்டை மாற்றிப் பலர் இதே பில்லைத்தான் கொடுக்கிறார்கள், அதனால் பில்லைப் பிரித்துப் பார்ப்பதே உபயோகம்.

கம்பெனி பதிவு 25,000. டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் 15,000. உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு 3,000. டிரேட்மார்க் 12,000. ஐடியா சந்தையில் தேறுமா என்று சொல்லும் வேலிடேஷன் ரிப்போர்ட்டும், முதலீட்டாளருக்குக் காட்டும் பிட்ச் டெக்கும் 30,000. ஆறு மாத மென்டரிங் 15,000.

முதலில் சின்னவை. உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. ஆதார், பான் இருந்தால் நீங்களே அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். தேடினால் அரசுத் தளம் போலவே வேஷம் போட்ட தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்அப் இந்தியாவின் டிபிஐஐடி அங்கீகாரமும் இலவசம். ஆக 18,000 ரூபாய் வெறும் படிவம் நிரப்பிய கூலி. அந்தச் சான்றிதழைக் காட்டி ‘கவர்ன்மென்ட் அப்ரூவல் ஆகிவிட்டது, ஃபண்டிங் வரும்’ என்று சொன்னார்களாம். அங்கீகாரம் வேறு, பணம் வேறு. ‘ஏஞ்சல் டாக்ஸ் விலக்கு வாங்கித் தருகிறோம்’ என்று தனியாகக் காசு கேட்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நியாய மதிப்புக்கு மேல் பங்கு விற்று வாங்கிய முதலீட்டின் மீது போட்ட அந்த வரியே 2024 பட்ஜெட்டில் எடுக்கப்பட்டுவிட்டது.

டிரேட்மார்க்கில் நடந்தது வரிசைக் குளறுபடி. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் 4,500, மற்றவர்களுக்கு 9,000. அங்கீகாரமோ உத்யமோ கைக்கு வருவதற்கு முன்பே கம்பெனி பெயரில் விண்ணப்பித்ததால் 9,000 போனது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் பாதி. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். அங்கே ஆலோசகரின் பெயர் இருந்தால் பிராண்டும் அவருடையதுதான்.

கம்பெனி பதிவுக்கு ஆடிட்டர் கூலி வாங்குவதில் தப்பே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை பதிவுப் படிவத்துக்கு மத்திய அரசுக் கட்டணம் இல்லை. முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து, பான், டான் இவற்றுக்குத்தான் செலவு. இங்கே பணத்தை விடப் பெரிய தவறு, முதல் நாளிலேயே பதிவு செய்யச் சொன்னது. பிரைவேட் லிமிடெட் பிறந்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 30 நாளுக்குள் ஆடிட்டர் நியமனம், 180 நாளுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பு, பிறகு ஆண்டுதோறும் கணக்கும் ஆண்டறிக்கையும். ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. கணக்குப் படிவம், ஆண்டறிக்கைப் படிவம் இரண்டும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 100 ரூபாய். இரண்டையும் ஒரு வருடம் விட்டால் 73,000. 2021-ல் 945 கோடி ரூபாயில் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டத்தில், விண்ணப்பிக்கும்போது கம்பெனி இரண்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். மாதிரிக் கருவியே தயாராகாத நிலையில் பதிவு செய்தவர், கருவி தயாராகும்போது அந்த வயதைக் கடந்திருப்பார்.

இனி அந்த 30,000 ரூபாய் ரிப்போர்ட். இந்தியாவில் இத்தனை பம்ப்செட், அதில் 1% பிடித்தால் இத்தனை கோடி என்று பை சார்ட்டோடு நாற்பது பக்கம். வாடிக்கையாளருக்கு முதல் பயனாக எழுதியிருந்தது: ‘மின் கட்டணம் மிச்சமாகும்’. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். கட்டாத பில்லில் எதை மிச்சம் பிடிப்பது? வேறு மாநிலத்துக்கோ வேறு கருவிக்கோ எழுதிய ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்திருந்தால் வேறு ஒன்றும் தெரிந்திருக்கும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் பலர் கண்டன்சர் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுகிறார்கள். பேஸ் குறைந்தால் நிறுத்திவிடும் பாதுகாப்புக் கருவிக்கு அது பழுதாகத்தான் தெரியும். உடனே டிரிப் ஆகும். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசரத்தில் விவசாயி கருவியைக் கழற்றிவிட்டு நேராக லைன் கொடுத்துவிடுவார். இந்த ஒரு விஷயம் சர்க்யூட்டின் வடிவமைப்பையே மாற்றும். ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு வரி இல்லை. செல்போன் ஸ்டார்ட்டர்களை ஏற்கெனவே கோவைக் கடைகளில் விற்கிறார்கள் என்பதும் இல்லை.

உண்மையான சோதனைக்கு 30,000 வேண்டியதில்லை. விற்பனையில் இருக்கும் கருவி இரண்டை வாங்கித் திறந்து பாருங்கள். பதினைந்து விவசாயிகள், ஐந்து ரீவைண்டிங் கடைகள், ஐந்து மோட்டார் டீலர்கள் என்று இருபத்தைந்து பேரிடம் பேசுங்கள். ‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீங்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ‘நல்லாருக்கு தம்பி, செய்ங்க’ என்பார்கள், அதற்கு மதிப்பில்லை. கடைசியாக மோட்டார் எப்போது புகைந்தது, காயில் கட்ட எவ்வளவு ஆனது, எத்தனை நாள் பயிர் காய்ந்தது, அதற்குப் பிறகு என்ன வாங்கி மாட்டினீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். டீலரிடம் அவருக்கு எத்தனை சதவீதம் வேண்டும், ரிட்டர்ன் வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கடைசியில் 500 ரூபாய் அட்வான்ஸ் கேளுங்கள். யார் தருகிறார்கள், யார் பேச்சை மாற்றுகிறார்கள் என்பதுதான் உங்கள் ரிப்போர்ட்.

இதுவரை போனது காசு. பில்லில் வராத ஒரு காகிதத்தில்தான் பெரிய நஷ்டம். மென்டருக்கு 6% பங்கு. அதை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்கூடத் தப்ப வழி இருந்திருக்கும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 54-ஆம் பிரிவின்படி உழைப்புக்கு ஈடான ஸ்வெட் ஈக்விட்டியை இயக்குநர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான் தரலாம், சிறப்புத் தீர்மானமும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் வேண்டும். வெளி ஆலோசகருக்கு அப்படித் தர முடியாது. அது தெரிந்தேதான் அவர் பெயரைத் தொடக்கப் பங்குதாரராக மெமோரண்டத்திலேயே (கம்பெனியின் தொடக்க ஆவணம்) சேர்த்துவிட்டார்கள். 10,000 பங்கில் 600; பத்து ரூபாய் வீதம் 6,000 ரூபாயோடு வேலை முடிந்தது. அவர் அடுத்த மாதமே போனை எடுக்காவிட்டாலும் பங்கு அவருடையதுதான். திரும்ப வாங்க, பங்கு மாற்றுப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இளைஞர்கள் கையில் 94% மட்டும் இருப்பதால், கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிக்கிளில் வேறு விதமாக எழுதாவிட்டால், குறுகிய அவகாசத்தில் பொதுக்கூட்டம் கூட்டவும் அவர் சம்மதம் தேவை, ஏனென்றால் அதற்கு 95% வேண்டும். முதலீட்டாளர் பங்குப் பட்டியலைப் பார்த்ததும் முதலில் கேட்பது ‘யார் இந்த ஆறு சதவீதம்?’ என்பதைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: ஃபவுண்டர் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஸ்டார்ட்அப் பயிற்சி நிறுவனம் பொதுவில் வைத்திருக்கும் ‘ஃபாஸ்ட்’ ஆலோசகர் ஒப்பந்தத்தில், ஐடியா நிலையிலேயே சேருகிற, அதிகபட்ச ஈடுபாடு காட்டுகிற நிபுணருக்கும் 1%தான். சாதாரண ஈடுபாட்டுக்கு 0.25%. அதுவும் இரண்டு வருடத்தில் மாதாமாதம் சேரும், முதல் மூன்று மாதத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. காசும் வாங்கிக்கொண்டு, காலவரை இல்லாமல் பங்கும் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பத்தி: ‘24 மாதத்துக்குள் எந்த வழியில் நிதி வந்தாலும் 5% கட்டணம்.’ எந்த வழியில் என்றால் அரசு மானியமும் சேரும். நீங்களே விண்ணப்பித்துத் தமிழ்நாடு அரசின் விதைநிதித் திட்டமான டான்சீடில் 10 லட்சம் வாங்கினாலும் 50,000 அவருக்கு. நிதி வந்தால் தரும் இந்த ‘சக்ஸஸ் ஃபீ’யைத் தருவதாக இருந்தால், ‘இவர் எழுத்துமூலம் அறிமுகம் செய்த முதலீட்டாளர்’ என்று பெயர்ப் பட்டியலோடு சுருக்கி எழுதுங்கள்.

மென்டரிங் ஆறு மாதம் என்பது மாதம் ஒரு ஜூம் அழைப்பாக இருந்தது. தொழிற்சாலை பார்த்த ஒருவரும் அதில் இல்லை. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு நடத்தும் மென்டார்டிஎன், ஸ்டார்ட்அப் இந்தியாவின் மார்க் தளம் இரண்டிலும் வழிகாட்டிகளை இலவசமாகவே அணுகலாம். கோவையிலேயே பிஎஸ்ஜி ஸ்டெப் என்ற இன்குபேட்டர் (ஸ்டார்ட்அப் வளர்ப்பு மையம்) இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தின் இன்குபேட்டர் இருக்கிறது. அங்கும் எல்லாரும் மேதைகள் இல்லை. ஆனால் பங்கை எழுதி வாங்காமலே பதில் சொல்வார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று. டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கன் உங்கள் கையில் இருக்கிறதா? பெரும்பாலும் ‘ஃபைலிங்குக்கு வசதி’ என்று அவர்கள் மேஜை டிராயரில் இருக்கும். அது இருந்தால் உங்கள் பெயரில் எந்தப் படிவமும் தாக்கல் ஆகலாம். கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள். அதன் பிறகு கம்பெனி விவகாரத் தளம், ஜிஎஸ்டி தளம் இரண்டிலும் பதிவான மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் யாருடையவை என்று பாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது அதற்கு அடுத்த வேலை.