நாரா, ஓடா, வெறுங்குலையா? பாய்லருக்கு எதைக் கொடுப்பது?

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும், பழைய ஆட்களுக்கு எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். ஆகவே இங்கே தேநீர்க் கடையில் செம்பனை எண்ணெய் ஆலைப் பேச்சு ஓய்வதில்லை. அண்மையில் ஓர் இளைஞர் கேட்டார்: "கொட்டை ஓட்டுக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறதே அண்ணே, அதை விற்றுவிட்டு, பழம் உதிர்த்த வெறுங்குலையைப் பிழிந்து எரித்தால் என்ன?" பல ஆண்டுகள் ஆலைக்கு நீராவி தரும் பாய்லர் முன் நின்றவன் என்பதால், இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

100 டன் செம்பனைக் குலை ஆலைக்குள் வந்தால், ஏறக்குறைய 13 டன் பழ நாரும் 6 டன் கொட்டை ஓடும் 22 டன் வெறுங்குலையும் மிஞ்சுகின்றன. கொட்டை ஓடுகளை ஜப்பானின் மின் நிலையங்கள் வாங்குகின்றன. வெறுங்குலையோ மலையாகக் குவிகிறது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அந்த இளைஞர் சொல்வது சரிதான்.

ஆனால் அடுப்பில் ஒவ்வொன்றும் எரிவது ஒரு விதம். முதலில் நார். அதில் ஈரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலும், காற்றில் மிதந்தபடியே பற்றிக்கொள்கிறது. நீராவி அழுத்தம் விரைவாக ஏறும். நார் வருவது நின்றால் அதே வேகத்தில் இறங்கிவிடும். சாம்பல் பஞ்சு போன்றது. புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோன் அடைத்துக்கொண்டால், தொழிலாளர் லயத்துக் கொடியில் காயும் வெள்ளைத் துணியில்தான் அது வந்து உட்காரும்.

ஓடு நிதானமானது. ஈரம் குறைவு, சூடு அதிகம், நின்று எரியும். அதற்காக அள்ளிக் கொட்டினால் காற்று போதாமல் கரும்புகை கிளம்பும். அடுப்புத் தட்டில் சாம்பல் உருகிக் கல்லாக இறுகும். அந்தக் கட்டியை உடைத்து இழுப்பது மனிதனை வதைக்கும் வேலை. என் அனுபவத்தில் நார்தான் சோறு, ஓடு அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். அழுத்தம் சரியும் நேரத்தில் கொஞ்சம் ஓடு சேர்த்தால் போதும்.

வெறுங்குலை ஆலையிலிருந்து வெளிவரும்போது அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். பிழிந்து நறுக்கினாலும் பாதியளவு ஈரம் தங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை அதிலுள்ள பொட்டாசியம். குறைந்த சூட்டிலேயே உருகும் சாம்பல் குழாய்களில் ஒட்டிக்கொள்கிறது. குழாய்மேல் படிவு ஏறினால் சூடு தண்ணீருக்குள் இறங்காது, புகைபோக்கி வழியே வீணாகும். வெளியேறும் புகையின் வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அந்தப் பொட்டாசியம் மண்ணுக்கு உரம். வெறுங்குலையைத் தோட்டத்தில் மரங்களுக்கு இடையே பரப்புவதே அதற்குச் செய்யும் மரியாதை.

ஆனால் எல்லாப் பழியையும் எரிபொருள்மேல் போடுவதும் தவறு. கரும்புகை வந்தால் எரிபொருள் ஊட்டத்தைக் குறைத்துக் காற்றைக் கவனிக்க வேண்டும். வெண்புகை பெரும்பாலும் ஈரத்தின் அடையாளம். எரிபொருள் உலர்ந்திருந்தும் வெண்மை மாறாமல், பாய்லருக்குள் ஏற்றும் தண்ணீரும் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவானால், குழாயில் கசிவு இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுப்புக் கதவு வழியே புகை முகத்தில் அடித்தால், புகையைப் புகைபோக்கிக்கு இழுக்கும் இழுவை போய்விட்டது என்று பொருள். இழுவிசிறி, தடுப்புத் தகடு, சைக்ளோனின் சாம்பல் வாய், குழாய்களுக்கு இடையே உள்ள படிவு என்று வரிசையாகப் பார்த்தால் காரணம் அகப்பட்டுவிடும். 1978ஆம் ஆண்டு விதி, வெளியேறும் புகையில் கன மீட்டருக்கு 400 மில்லிகிராம் தூசு வரை பொறுத்தது. 2014இல் வந்த தூய காற்று விதிகள் திட எரிபொருள் பாய்லருக்கு 150தான் என்கின்றன. லயத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மூச்சில் தெரியும்.

வேறு மாநிலத்தில் ஓர் ஆலையில், இழுவை இல்லாத நேரத்தில் கதவை விரியத் திறந்த தம்பி ஒருவரின் புருவமும் கையும் கருகியதை நேரில் பார்த்தேன். அன்று முதல் யார் வேலைக்கு வந்தாலும் ஒன்றைச் சொல்லித்தான் தொடங்குவேன்: கதவுக்கு நேர் எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திற. இன்னொன்று பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். அதில் மட்டம் தெரியவே இல்லை என்றால், பதறித் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கலாம். எரிபொருளையும் காற்றையும் நிறுத்திவிட்டு, ஆட்களை விலக்கிப் பொறுப்பாளரை அழைக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து பாய்லரை மூட்டும் நாளில் இந்த மூன்றில் எது என்று கேட்டால், உலர்ந்த விறகும் உலர்ந்த நாரும்தான். முதலில் விசிறியை ஓடவிட்டு, அடுப்பில் தேங்கிய வாயுவை வெளியேற்றுங்கள். தீ சுணங்குகிறதே என்று டீசலையோ பழைய எண்ணெயையோ வீசாதீர்கள், தம்பிகளே.