டாக்டர் ஹூ மஃப்ளருக்கு எந்த நூல்? ஸ்டைல்கிராஃப்ட் ஸ்பெஷல் டிகே பற்றி

‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் நடிகர் டாம் பேக்கர் கழுத்தில் கிடந்த அந்த நீள மஃப்ளரைப் பின்ன ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது ஏழு நிறங்களை. ஊசி, அளவு எல்லாம் அப்புறம். ஊதா, மணல் பழுப்பு, வெண்கலப் பழுப்பு, கடுகு மஞ்சள், செம்புத்துரு, சாம்பல், பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல் நிறம். இந்த ஏழும் ஒரே கனத்தில், ஒரே வகை நூலில் கிடைக்க வேண்டும். ஒன்று தடிமனாகவும் இன்னொன்று மெலிசாகவும் இருந்தால் பட்டைக்குப் பட்டை அகலம் மாறி, ஓரம் நெளிந்துவிடும். ஸ்டைல்கிராஃப்ட் கம்பெனியின் ஸ்பெஷல் டிகே (டபுள் நிட்டிங், அதாவது நடுத்தரக் கன நூல்) எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்: நிற அட்டை மிகப் பெரியது, அதில் மங்கலான மண் நிறங்களுக்கும் குறைவே இல்லை.

நூலைப் பற்றிப் பேசும் முன் மஃப்ளர் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் ஹூ தொடர் 1963 நவம்பரில் பிபிசியில் ஆரம்பித்தது. அதன் நாயகன் பெயரே டாக்டர். அந்த வேடத்தில் நான்காவது நடிகராக டாம் பேக்கர் 1974-இல் வந்தார். உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் பல நிறங்களில் உல்லன் நூல் வாங்கி, பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். அந்த அம்மா கொடுத்த நூல் தீரும் வரைக்கும் பின்னிவிட்டார். வந்து சேர்ந்தது ஆறடிக்கு மேல் உயரமான டாம் பேக்கரே கழுத்தைச் சுற்றிப் போட்ட பிறகும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஃப்ளர். அதையே வைத்துக்கொண்டார்கள். தொடருக்குள் அதற்கு வேறு கதை உண்டு: 1975-இல் வந்த ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’ கதையில், இதை எனக்குப் பின்னிக் கொடுத்தவர் மேடம் நாஸ்டிரடாமஸ் என்று டாக்டர் சொல்வார். எனக்குப் பெகோனியா போப்பின் கதைதான் பெரிது. அவர் கை போன போக்கில் போட்ட பட்டைகளை அரை நூற்றாண்டு கழித்தும் உலகம் முழுக்க ரசிகர்கள் வரிசை வரிசையாக எண்ணிப் பின்னுகிறார்கள். எந்தப் பின்னல்காரருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது?

சரி, நிறங்கள். ஸ்டைல்கிராஃப்ட்டில் நான் எடுத்தவை, மேலே சொன்ன அதே வரிசையில், பிளம், கேமல், வால்நட், மஸ்டர்ட், காப்பர், கிரே, காக்கி. இதில் பிளம், கேமல், காப்பர் மூன்றுக்கும் யோசிக்கவே வேண்டியதில்லை. வெண்கலப் பழுப்புக்கு வால்நட். திரையில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அடர்த்திதான், ஆனாலும் கேமல் பக்கத்தில் வரும்போது பட்டை எடுப்பாகத் தெரிகிறது. கடுகு மஞ்சளுக்குத்தான் வீட்டில் விவாதமே நடந்தது. “அம்மா, இது ரொம்பப் பளிச்சுனு இருக்கு, டிவியில இப்படி இல்ல” என்றாள் மகள். அடுத்த காட்சியை ஓடவிட்டதும், “இல்லம்மா, இதான் சரி” என்றாள். இரண்டுமே உண்மை. அந்தக் காலத்தில் பிபிசி பெரும்பாலும் அரங்கக் காட்சிகளை வீடியோவிலும் வெளிப்புறக் காட்சிகளை ஃபிலிமிலும் எடுத்தது. ஒரே மஃப்ளர் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். ஆகவே திரையை நிறுத்தி வைத்துக்கொண்டு நூலை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு நிறமும் ஒன்றோடொன்று சேருகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், போதும்.

நூல் முழு அக்ரிலிக். ஒரு உருண்டை 100 கிராம், 295 மீட்டர். 4 மி.மீ ஊசி. நான் 60 கண்ணி ஏற்றினேன், அகலம் ஒரு அடிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நிறத்துக்கு ஒரு உருண்டை, கேமலுக்கு மட்டும் இரண்டு வாங்குங்கள். ஆரம்பத்தில் குறுகலான ஊதா முடிந்ததுமே வரும் பெரிய பட்டை அதுதான், பிறகும் பல இடங்களில் வரும். இரண்டு உருண்டையிலும் லேபிளில் சாய எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே பட்டைக்குள் நிறம் மாறினால் வெளிச்சத்தில் கோடு போட்டதுபோல் தெரியும்.

பின்னல் முழுக்க கார்ட்டர் ஸ்டிச். எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டும்தான், பர்ல் (எதிர்ப் பின்னல்) கிடையாது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கூடத் தைரியமாக எடுக்கலாம். கவனம் தேவைப்படுவது நிறம் மாற்றும் இடத்தில் மட்டும். இரட்டைப்படை வரிசை முடித்து, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து புது நிறத்தை ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பட்டைகளுக்கு நடுவே கோடு சுத்தமாக இருக்கும், இரு நிறமும் கலந்த புள்ளிகள் பின்பக்கம் போய்விடும். பட்டைக்கு இரண்டு நூல் முனை மிஞ்சும். அக்ரிலிக் வழுக்கும் நூல் என்பதால் முனையை ஒரு சாண் நீளம் விட்டு, அதே நிறத்துக்குள் போக வர இருமுறை கோத்து மறைத்தால்தான் நிற்கும். இதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விடாமல் பட்டைக்குப் பட்டை முடித்துக்கொண்டே போங்கள்.

கையில் ஓடும் விதத்தில் இந்த நூல் எனக்கு முழுத் திருப்தி. இழை பிரியவில்லை, ஊசியில் சீராக நகர்ந்தது. முன்பு வேறொரு கம்பெனியின் மலிவு அக்ரிலிக்கில் உருண்டைக்கு நடுவே முடிச்சுகள் வந்து, பட்டை பாதியில் நூலை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை இதில் இல்லை.

உல்லனா அக்ரிலிக்கா என்ற கேள்வி கட்டாயம் வரும். தொலைக்காட்சியில் இருந்ததற்கு அச்சு அசலாக வேண்டுமென்றால் உல்லன்தான். கதகதப்பும் அதில்தான் அதிகம். விலையோ பல மடங்கு, அதுவும் இவ்வளவு நீளத்துக்கு! துவைப்பதிலும் உல்லனுக்குத் தனி அக்கறை வேண்டும். இந்த மஃப்ளர் தரையில் இழுபடும், பஸ் இருக்கையில் மாட்டும், பிள்ளைகள் இரண்டு பேர் ஒன்றாகச் சுற்றிக்கொள்வார்கள். தினமும் போட்டுக்கொண்டு திரிய, 40 டிகிரியில் மெஷினில் போட்டு எடுக்கக்கூடிய நூலே சரி என்பது என் தீர்மானம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அக்ரிலிக் துவண்டுவிடும், கார்ட்டர் ஸ்டிச்சின் மேடு பள்ளம் தட்டையானால் திரும்ப வராது.

இன்னொன்று, நீளம். கார்ட்டர் ஸ்டிச் தன் எடையாலேயே கீழ்நோக்கி இழுபடும். போடப் போட நீளும். எனவே மேசையில் விரித்து அளந்து, இன்னும் போதவில்லையே என்று கூடுதல் பட்டைகள் சேர்க்காதீர்கள். கதவின் மேல் ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் காலையில் அளந்து பாருங்கள். குஞ்சத்துக்கு ஏழு நிறத்திலும் மிச்ச நூலை எடுத்து வைத்து, இரு முனையிலும் எல்லா நிறமும் வரும்படி கட்டினால் அழகு.

யாருக்கு இந்த நூலைச் சொல்ல மாட்டேன்? 1980-இல் ஜூன் ஹட்சன் வடிவமைத்த இரண்டாவது மஃப்ளரைப் பின்ன நினைப்பவர்களுக்கு. ‘தி லெஷர் ஹைவ்’ கதையிலிருந்து வருவது அது. ஒயின் சிவப்பும் ஊதாவும் துருவுமாக, உடை முழுவதோடும் ஒரே குடும்பமாக இருக்கும். அதன் பளபளப்பே வேறு. வெல்வெட் மாதிரி மினுமினுக்கும் செனீல் நூலில்தான் அந்தத் தோற்றம் கிடைக்கும். நிறம் பொருந்தினாலும் டிகே அக்ரிலிக்கில் அந்த மினுக்கு வராது. நான் முதல் மஃப்ளரின் கட்சி. அந்த உடையில் எதுவும் எதோடும் பொருந்தாது, ஆனாலும் டாம் பேக்கர் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்து வரும்போது அது அவர் உடம்போடு பிறந்ததுபோல் இருக்கும்.