ஹோல்டில் எதுவுமே இல்லை: எட்டு வருஷ டெபியனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஆபீஸ் நண்பன் செவ்வாய்க்கிழமை கேட்டான்: "வீட்டு கம்ப்யூட்டர்ல விண்டோஸ எடுத்துட்டு நீ வச்சிருக்கியே, அதையே போட்டுடலாமாடா? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அந்தத் தொந்தரவோடுதான் உட்கார்ந்திருந்தேன். டீக்கடையில் நின்று சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது டெபியன், லினக்ஸ் வகைகளில் ஒன்று. 2017-ல் அதன் 9-ம் பதிப்பு வந்தபோது போட்டது. அதே இன்ஸ்டலேஷன்தான் 10, 11, 12 என்று படிப்படியாக ஏறி இன்றும் ஓடுகிறது. நடுவில் ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது, ரேம் ஒருமுறை கூடியது. சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போடும் வேலை இந்த எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட வரவில்லை. வேகம், பிரின்டர், தமிழ் டைப்பிங் பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதியாகிவிட்டது. எனக்குப் பேச வேண்டியது ஒரே ஒரு வரியைப் பற்றி.

"யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்."

உடைந்த பேக்கேஜ்களை நீ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறாய் என்கிறது. பேக்கேஜ் என்பது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்; அதை இறக்கி நிறுவும் டெபியன் கருவி ஆப்ட். ஆப்ட் பயன்படுத்துகிற எல்லோரும் ஒருநாள் இதைப் பார்த்திருப்பார்கள். ஆப்டில் ஹோல்டு என்று நிஜமாகவே ஒரு வசதி இருக்கிறது. ஒரு பேக்கேஜை அப்டேட் ஆகாமல் நாமே நிறுத்தி வைக்கலாம். அப்படி நிறுத்தியவற்றைப் பார்க்க 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' என்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வெற்று வரிதான் வருகிறது. நான் எதையும் பிடித்து வைக்கவில்லை. செய்யாத ஒன்றைச் செய்தாய் என்று சொல்லி, தேடவேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்துக்கு அனுப்புகிறது இந்த வரி. எட்டு வருஷமாக என் கோபம் இதன் மேல்தான்.

ஞாயிறு நடந்தது இது. அக்கா கல்யாண டிவிடியைப் போனில் பார்க்கிற மாதிரி மாற்றித் தரச் சொல்லியிருந்தாள். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் ஒன்று இருந்தால் அரைமணி நேர வேலை. இன்ஸ்டால் கொடுத்தேன். எஃப்எஃப்எம்பெக்குக்கு லிப்ஏவிகோடெக்59 என்ற லைப்ரரி (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைப் பேக்கேஜ்) வேண்டும், அதுவும் 7:5.1 என்று தொடங்கும் குறிப்பிட்ட பதிப்பே வேண்டும், ஆனால் 10:5.1 அல்லவா இருக்கிறது என்று நாலைந்து வரி. கடைசியில் அந்தப் பழைய வரி.

நெட்டில் தேடினால் முதலில் கிடைக்கிற மருந்து 'ஃபிக்ஸ்-புரோக்கன்'. கொடுத்துப் பார்த்தேன். புதிதாக 0, அப்கிரேடு 0, நீக்கம் 0. இதைப் புரிந்துகொள்ள எனக்கே வருஷங்கள் ஆயிற்று: ஏற்கெனவே நிறுவியதில் ஏதாவது பாதியில் நின்றிருந்தால்தான் அந்தக் கட்டளைக்கு வேலை. இங்கே நிறுவியது எல்லாம் தமக்குள் சரியாகவே இருக்கிறது. நான் புதிதாகக் கேட்டதுதான் பொருந்தவில்லை. கரண்ட் போய் நிறுவல் பாதியில் நின்றால் 'டிபிகேஜி கன்ஃபிகர்', இரண்டு பேக்கேஜ் ஒரே கோப்புக்குச் சண்டை போட்டால் வேறு வழி என்று ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையை எழுதித் தருகிற மாதிரி இருக்கின்றன பல பக்கங்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை அழி என்கிறவர்களை நினைத்தால் இன்னும் பயம். பின்னால் ஒரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் பேக்கேஜ் பதிவேடே கெட்டுப்போகலாம்.

இன்னொரு யோசனை, இடிக்கிற லைப்ரரியை நீக்கிவிட்டுத் திரும்பப் போடு என்பது. கொடுத்தேன். வீடியோ பார்க்கும் விஎல்சியில் தொடங்கி ஸ்கிரீன் நிறைய பெயர்கள், இவையெல்லாம் நீங்கும் என்று. வேண்டாம் என்று 'என்' அழுத்தி வெளியே வந்தேன். இந்தப் பட்டியலைப் படிக்காமல் யாரும் 'ஒய்' அழுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2021 நவம்பரில், ஆப்டையே பயன்படுத்தும் பாப் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸில், கேம்களுக்கான ஸ்டீம் நிறுவப்போன ஒரு பிரபல யூடியூபர், எச்சரிக்கையைத் தாண்டி "யெஸ், டூ ஆஸ் ஐ சே" என்று டைப் செய்து டெஸ்க்டாப்பையே இழந்தார். அதற்குப் பிறகு ஆப்டில் அந்தக் கதவை இன்னும் இறுக்கமாக அடைத்தார்கள்.

காரணத்தைக் கடைசியில் சொன்னது, நடந்ததைப் பதிந்து வைக்கும் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில், 'ஆப்ட்' என்ற உள்ஃபோல்டரில் கிடக்கும் 'ஹிஸ்டரி.லாக்'. மாதத்துக்கு ஒன்றாகச் சுருட்டி 12 மாதத்துக்கு வைத்திருக்கும். பத்து மாதத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்தால் தேதி, நேரம், நான் அடித்த கட்டளை, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் பழைய பதிப்பு, புதிய பதிப்பு: லிப்ஏவிகோடெக்கின் கூட்டாளியான லிப்ஏவியூட்டில்57, 7:5.1-லிருந்து 10:5.1-க்கு. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. வீடியோவைப் படிக்க உதவும் ஏதோ ஒரு கோடெக்குக்காக வெளியார் ரெப்போ ஒன்றை, அதாவது ஆப்ட் பேக்கேஜ் எடுக்கும் கிடங்கு ஒன்றை, சேர்த்திருந்தேன். பிறகு அதன் நம்பகத்தை உறுதிசெய்யும் சாவி காலாவதி என்று ஒவ்வொரு அப்டேட்டிலும் எச்சரிக்கை வரவே, ரெப்போ வரியை மட்டும் எடுத்துவிட்டேன். வரி போனது, அது கொண்டுவந்து இறக்கிய லைப்ரரிகள் போகவில்லை. விஎல்சி அவற்றோடு நன்றாகவே ஓடியதால் பத்து மாதம் ஒன்றுமே தெரியவில்லை.

அந்த 7-க்கும் 10-க்கும் பெயர் எபாக். பதிப்பெண்ணில் முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் நிற்கும் எண். அது பெரிதாக இருந்தால் பின்னால் என்ன இருந்தாலும் அதுதான் புதுசு. 7:7.1 என்று டெபியன் கொடுத்தாலும் 10:5.1-ஐ முந்த முடியாது. எஃப்எஃப்எம்பெக்கோ தன் லைப்ரரிகள் அட்சரம் பிசகாமல் அதே பதிப்பில் இருக்க வேண்டும் என்று கேட்கிற பேக்கேஜ். ஆப்ட் தானாகப் பதிப்பைக் கீழே இறக்காது. அதனால் முட்டிக்கொண்டு நிற்கிறது. சங்கதி இவ்வளவுதான். இதை நேராகச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: "உன்னிடம் இருப்பது எந்த ரெப்போவிலும் இல்லாத பதிப்பு, கீழே இறக்கட்டுமா?" 1999-லிருந்து புழக்கத்தில் இருக்கும் கருவிக்கு இது பெரிய காரியமா?

அப்படிக் கேட்கிற கருவி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆப்டிட்யூட். இப்போதெல்லாம் தானாக வருவதில்லை, தனியாகப் போட வேண்டும். போட்டு எஃப்எஃப்எம்பெக்கைக் கேட்டேன். முதல் தீர்வு: எஃப்எஃப்எம்பெக்கைப் போடாமல் விட்டுவிடு. 'என்'. அடுத்தது: இந்தப் பேக்கேஜ்களைக் கீழே இறக்கு என்று பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இப்போதைய பதிப்பு, அம்புக்குறி, போகப்போகும் பதிப்பு. ஒன்பது பெயர். எல்லாம் 10-லிருந்து 7-க்கு. அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. காலையிலிருந்து யாராவது இப்படி நிதானமாக ஒரு வழியைக் காட்ட மாட்டார்களா என்றுதான் இருந்தது. 'ஒய்' அழுத்தினேன், இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அக்காவுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.

பிறகு 'ஆப்ட் லிஸ்ட்' கொடுத்து 'லோக்கல்' என்று குறியிட்டவற்றை மட்டும் எடுத்தேன். எந்த ரெப்போவிலும் இல்லாத பதிப்புகள் அவை. இன்னும் மூன்று மிச்சம் இருந்தன, நீக்கினேன். டெபியன் 13-க்குப் போகிற எண்ணம் இருப்பவர்கள் முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள். 13-ல் வருகிற ஆப்ட் 3.0-ல், எந்தப் பேக்கேஜுக்கு எது வேண்டும் என்கிற சார்புகளை அலசும் புதிய முறை சேர்ந்திருக்கிறது, வெளியீட்டிலும் நிறம் பிரித்துக் காட்டுகிறார்கள். நான் ஆவலோடு இருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் தப்பு என் பேரில்தான், வெளியார் ரெப்போவை உள்ளே விட்டது நான். பத்து மாதம் முன்னால் இத்தனை மணிக்கு இதைச் செய்தாய் என்று தேதியோடு எடுத்துக் காட்டியதும், சிஸ்டத்தை அழிக்காமலே பழைய நிலைக்குத் திரும்ப வைத்ததும் இதே டெபியன்தான். வேறெந்த சிஸ்டத்திலும் இவ்வளவு ஆழம் இறங்கி என் கையாலேயே சரிசெய்திருக்க முடியாது. பாதுகாப்பு அப்டேட் ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் என் வேலையைக் கெடுத்ததில்லை. நான் இதை விட்டு எங்கும் போகப்போவதில்லை.

ஆனால் நண்பா, நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம். உன் வீட்டில் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் பையன் படிப்பும் உன் மனைவியின் ஆபீஸ் வேலையும் நடக்கிறது. அந்த வரி உன் ஸ்கிரீனில் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தால் உனக்கு எட்டு வருஷப் பழக்கம் இருக்காது, நானும் பக்கத்தில் இருக்க மாட்டேன். பழைய லேப்டாப் ஒன்று பரணில் இருக்கிறது என்றாயே, அதை எடுத்துக்கொண்டு வா. அதில் போட்டுத் தருகிறேன், ஆப்டிட்யூடும் சேர்த்து.