புளியமுத்தா, ஈர்க்குக் கட்டா, மணிச்சட்டமா: டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு எதை முதலில் கொடுப்பது?

எட்டும் மூன்றும் எத்தனை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், எட்டுப் புளியமுத்தை (புளியங்கொட்டையை) எண்ணி வைக்கிறது, மூன்றை எண்ணி வைக்கிறது, பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுகிறது. விரல் ஒரு முத்தைத் தாண்டிவிட்டால் விடை பத்து. ஆறு வயதில் இது இயல்பு. எட்டு, ஒன்பது வயதிலும், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பிறகும் இதே நிலைதான் என்றால் டிஸ்கால்குலியா இருக்கிறதா என்று உளவியலாளரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். இது சோம்பல் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற அளவு மனதில் பதியாத சிக்கல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

சோதனை முடியும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் கைக்கு எட்டுகிற பொருள்களே போதும். ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்யாது.

உதிரிப் புளியமுத்துதான் எல்லோரும் முதலில் எடுப்பது. அதன் குறை, குவியலுக்கு உருவம் இல்லை என்பது. எட்டு முத்துக் குவியலும் ஒன்பது முத்துக் குவியலும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணும் பழக்கத்திலேயே நின்றுவிடுகிறது. முத்தை மாற்ற வேண்டாம், அதை வைக்கிற இடத்தை மாற்றுங்கள். 30 முட்டை வைக்கிற அட்டையில் 6 வரிசை, வரிசைக்கு 5 குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி அட்டை மூன்று கிடைக்கும். (எச்சம் ஒட்டிய அட்டை வேண்டாம், பிளாஸ்டிக் அட்டை என்றால் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.) மேல் வரிசை இடமிருந்து வலமாக நிறைந்த பிறகே கீழ் வரிசை. அப்போது எட்டு என்பது ஒரு முழு ஐந்து, கீழே மூன்று, காலி இரண்டு. பக்கத்து அட்டையில் மூன்று முத்து. அதிலிருந்து இரண்டை எடுத்துக் காலிக் குழிகளை நிரப்பினால் இங்கே பத்து, அங்கே ஒன்று. “எத்தனை முத்து?” என்பதைவிட “எத்தனை குழி காலி?” என்று கேட்பதுதான் அதிகம் உதவும். முத்தை இஷ்டப்பட்ட குழியில் போட விட்டால் அட்டையும் குவியலாகிவிடும்.

பல்லாங்குழி ஆச்சியோடு உட்கார்ந்து ஆட நல்லது. ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போடும்போது வாய் சொல்லும் எண்ணும் கை அசைவும் ஒன்றாகப் போகப் பழகும். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அதைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வதால், நான்கை எண்ணாமலே கண்டுகொள்ளவும் கண் பழகும். ஆனால் பக்கத்துக்கு ஏழு குழிதான், பத்து அதில் உருவாகாது. விளையாட்டாகவே இருக்கட்டும்.

இரண்டு இலக்க எண்ணுக்கு வந்துவிட்டால் வாரியல் (துடைப்பம்) ஈர்க்குக்கு இணையாக எதையும் சொல்ல மாட்டோம். விரல் நீளத்துக்கு நறுக்கிய நூறு ஈர்க்கும் பத்து ரப்பர் பேண்டும் போதும். கட்டுகளைப் பெரியவர்கள் போட்டுக் கொடுத்துவிடுவது பெரிய தப்பு. பிள்ளையே பத்து எண்ணிக் கட்டினால்தான் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்று கை நம்பும். 42லிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதும். இரண்டிலிருந்து ஏழு போகாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகின்றன. “பக்கத்தில் கடன் வாங்கு” என்று நூறு தடவை சொன்னாலும் யாரிடம், எதை என்பது தெரியாது. ஈர்க்கில் நான்கு கட்டும் இரண்டு உதிரியும் இருக்கும். ஏழு எடுக்க உதிரி போதவில்லை. ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினால் உதிரி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மீதி மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. 25. ஒவ்வொரு அசைவுக்கும் உடனே நோட்டில் எண்ணை எழுத வேண்டும். ஈர்க்கு வேலை தனி, நோட்டு வேலை தனி என்று பிரித்தால் இரண்டும் மனதில் சேராது.

இன்னொரு சிக்கலையும் ஈர்க்கு தீர்க்கும். எழுபது, எண்பது என்று வந்த வரிசையில் அடுத்தது தொண்ணூறு. அதில் “நூறு” காதில் விழுவதால் தொண்ணூற்றாறு என்றதும் குழம்பி 106 என்று எழுத வாய்ப்புண்டு. ஒன்பது கட்டும் ஆறு உதிரியும் முன்னால் இருந்தால் கண் திருத்திக்கொள்ளும்.

மணிச்சட்டம் இரண்டு வகை. வரிசைக்குப் பத்து மணி வீதம் பத்து வரிசை உள்ளது நல்லது, ஐந்துக்கு ஐந்து நிறம் மாறினால் இன்னும் நல்லது. பயிற்சி வகுப்புகளில் கொடுக்கிற அபாகஸ் வேறு. அதில் மேல் மணி ஒன்றுக்கு மதிப்பு ஐந்து. நான்கைக் கூட்ட இடமில்லாவிட்டால் ஐந்தைப் போட்டு ஒன்றை எடு என்று விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அளவே பிடிபடாத பிள்ளைக்கு அது கூடுதல் சுமை, அதன்மேல் வேகப் போட்டி வேறு. இந்தப் பிள்ளைகளை அங்கே முதலில் சேர்க்காதீர்கள்.

நாணயமும் அப்படித்தான். பத்து ரூபாய் நாணயம் ஒரு ரூபாயைப்போல் பத்து மடங்கு பெரிதாகத் தெரிவதில்லை. ஈர்க்குக் கட்டு பழகிய பிறகு, கட்டுக்குப் பக்கத்தில் பத்து ரூபாயை வைத்துக் காட்டினால் கடைக்கு அனுப்பலாம்.

வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளை “ஆறேழு எத்தனை?” என்றால் ஓரேழிலிருந்து தொடங்கும். 2, 5, 10 வாய்ப்பாடு மட்டும் உறுதியாகட்டும். வரிசைக்கு ஏழு முத்தாக ஐந்து வரிசை, ஐயேழு முப்பத்தைந்து. கீழே இன்னொரு வரிசை வைத்தால் நாற்பத்திரண்டு. மற்ற வாய்ப்பாடுகளை எழுதிய அட்டையைப் பார்த்துப் போட விடுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைக் கண்ணில் காட்டாமல்.