நல்லர்போரைக் கடக்க எது தோது: கேம்பர்வேனா, மோட்டார்ஹோமா, கேரவனா?

ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியைக் கடக்கும் எயர் நெடுஞ்சாலைக்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா வரை சுமார் 1,660 கி.மீ. ஓடும் இந்தச் சாலைக்கு 1976இலேயே முழுவதும் தார் போட்டாகிவிட்டது. இதில் நார்ஸ்மனுக்கும் செடுனாவுக்கும் இடைப்பட்ட 1,200 கி.மீ.தான் ஆள் அரவமில்லாத பகுதி. பெட்ரோலும் சாப்பாடும் அறையும் கிடைக்கும் ரோடுஹவுஸ்கள் அங்கங்கே உண்டு. மற்றபடி புதரும் வானமும்தான். ஆகவே யோசிக்க வேண்டியது, எந்த வீட்டை ஓட்டிக்கொண்டு போவது என்பதைத்தான்.

வழக்கமான தேர்வுகள் மூன்று. டொயோட்டா ஹைஏஸ் போன்ற வேனுக்குள் படுக்கையும் சின்ன அடுப்பும் வைத்த, இருவருக்கான கேம்பர்வேன். உள்ளேயே கழிப்பறையும் ஷவரும் கொண்ட, நாலு முதல் ஆறு பேர் படுக்கும் மோட்டார்ஹோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன். 4.5 டன் வரையான மோட்டார்ஹோமை அங்கே சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம் என்பதால் உரிமம் ஒரு தடையல்ல.

எரிபொருளைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. நார்ஸ்மன்–பலடோனியா, பலடோனியா–கைகுனா, மாநில எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜ்–நல்லர்போர் ரோடுஹவுஸ் ஆகிய மூன்றும்தான் பெரிய இடைவெளிகள். மூன்றுமே ஏறக்குறைய 180 முதல் 190 கி.மீ.தான் இருக்கும். எந்த வண்டியின் டேங்கும் அதைத் தாங்கும். கடிப்பது விலைதான், நடுவழியில் லிட்டர் விலை நகரத்தைவிட நன்றாகவே கூடுதல். நூறு கி.மீ.க்கு கேம்பர்வேன் சுமார் 12 லிட்டர், மோட்டார்ஹோம் 15, கனமான கேரவனை இழுக்கும் கார் 18 முதல் 20 வரை குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த 1,200 கி.மீ.க்கு முறையே 144, 180, 216–240 லிட்டர் ஆகிறது. எதிர்க்காற்று அடித்தால் கேரவன் கணக்கு இன்னும் ஏறும்.

உண்மையான வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. இந்தச் சமவெளியில் நன்னீர் அரிது. வண்டியின் தண்ணீர் டேங்கை ரோடுஹவுஸில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது. ஒரு முனையில் நிரப்பினால் மறுமுனை வரை அதுதான். கேம்பர்வேனின் சின்ன டேங்க் சமையலுக்கும் முகம் கழுவுவதற்கும் போதும், அவ்வளவே. மோட்டார்ஹோமும் கேரவனும் இங்கே தெளிவாக முந்துகின்றன. மேற்கு ஆஸ்திரேலியப் பக்கம் பல சாலையோர ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை இலவசமாகத் தங்கலாம். ஆனால் கழிப்பறையும் தண்ணீரும் கையோடு இருந்தால்தான் அது சுகப்படும். கேம்பர்வேன்காரர்கள் பெரும்பாலும் ரோடுஹவுஸின் கேரவன் பார்க்குக்கே காசு கட்டி, அங்குள்ள குளியலறையை நம்ப வேண்டியிருக்கும். மலிவான வண்டி என்று எடுத்தது அங்கே கொஞ்சம் சமமாகிவிடுகிறது.

அடுத்தது வெளிச்சம். பொழுது சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும், அதனால் பல வாடகை ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டத் தடை உண்டு. வழியில் கடலோரமாக இருக்கும் ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கிலம் பார்க்க ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஆனால் அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில், எல்லைக்கு அருகிலுள்ள யூக்லா பக்கம் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். இது அந்தப் பகுதிக் கடிகாரப்படி, அது பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால் ஓடும். நாளுக்கு 400 கி.மீ. என்று மூன்று நாளில் கடப்பவர்கள் நாலு மணிக்குள் நிறுத்திவிடுவது நல்லது. மோட்டார்ஹோமில் சாவியைத் திருப்பினால் முடிந்தது, பின்பக்கம் போய் டீ போடலாம். கேரவனைச் சமமாக நிறுத்தி, அதன் தாங்கு கால்களை இறக்கி, காலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவது தினசரி வேலை. குளிர்காலத்தில் அந்த நேரமும் பயணக் கணக்கில் சேரும்.

காற்றும் உயரமான வண்டிகளை உலுக்கும். எதிரே 36.5 மீட்டர் ரோடு ட்ரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் நீள லாரி, கடக்கும்போது அது இன்னும் நன்றாகத் தெரியும். கேரவனை இழுத்துப் பழகாதவர்களுக்கு இது விளையாட்டல்ல. பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கி.மீ. ஒரு வளைவு கூடக் கிடையாது. அங்கே ஆள் மாற்றி ஓட்டுவதுதான் புத்தி. ஆனால் பல குடும்பங்களில் கேரவனோடு ஓட்டத் துணிவது ஒருவர் மட்டுமே. கேம்பர்வேனை இருவருமே ஓட்டலாம். எந்த வண்டியானாலும் ஒரு யுஎச்எஃப் ரேடியோ இருக்கட்டும்: லாரிக்காரர்கள் 40ஆம் சேனலில் பேசுவார்கள், ரோடுஹவுஸ்களைத் தாண்டினால் செல்போன் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

இதெல்லாம் கேரவனுக்கு எதிராகவே போவதுபோல் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் அதை யாரும் நெருங்க முடியாது: கழற்றிவிடலாம். யூக்லாவில் 1877இல் திறந்து, பின்னாளில் மணலில் புதைந்துபோன தந்தி நிலையத்துக்கு மண் பாதையில்தான் போக வேண்டும். காக்கிள்பிடிக்குத் தெற்கே இருக்கும் பறவை ஆய்வகத்துக்கோ மணலில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் போக முடியாது. கேரவனைக் காலி இடத்தில் நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வாடகை மோட்டார்ஹோமில் மண் பாதைக்கு இறங்குவதை ஒப்பந்தமே பெரும்பாலும் விடாது. ஹெட் ஆஃப் பைட்டுக்குத் தார்ச் சாலை இருப்பதால் அது மட்டும் எல்லோருக்கும் பொது.

மோட்டார்ஹோமின் பெரிய ஃபிரிட்ஜைக் காட்டி விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. மேற்கு நோக்கிப் போனால் பூச்சியும் பயிர்நோயும் பரவாமல் தடுக்கும் பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் காய், பழம், தேன் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் நார்ஸ்மன் வரை எழுநூறு கி.மீ.க்கு மேல். டின் உணவுக்குத் தடையில்லை. நம் சமையலுக்குத்தான் திண்டாட்டம். கிழக்கு நோக்கிப் போனால் சோதனை செடுனாவில், அதாவது வழியெல்லாம் சமைத்துத் தீர்க்கலாம்.

என் கணக்கு இது. இரண்டு பேர், முதல் தடவை: கேம்பர்வேன், கூடவே கேரவன் பார்க் கட்டணத்துக்கு ஒரு தொகை. குழந்தைகளோடு குடும்பம்: யோசிக்காமல் மோட்டார்ஹோம். கேரவன், ஏற்கெனவே சொந்தமாக வைத்திருந்து, இழுத்துப் பழகியவர்களுக்கு மட்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் ஒருவழிக் கட்டணத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வண்டியை ஊர் மாற்றித் தரும் 'ஒரு நாளைக்கு ஒரு டாலர்' சலுகைகளும் வரும். நாள் கணக்கு இறுக்கமாக இருக்கும் என்பதால், திமிங்கிலத்துக்காக அரை நாள் ஒதுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். முடியாது என்றால் சாதாரண காரில் போய் ரோடுஹவுஸ் அறைகளில் படுத்துக்கொள்வதே மேல், அறையை முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.