ஆம்புட்ஸ்மேன் சேவை: அப்பாவின் நாற்காலிப் பூட்டைத் திறந்தவர்கள்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்பது நம் ஊரில் சொல்வது போலச் சிறு மருத்துவமனை அன்று. முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம். மறதி நோய் முற்றிய என் தந்தையை அப்படியோர் இல்லத்தில் சேர்த்த மூன்றாம் மாதம், ஒரு மதியம் முன்னறிவிப்பின்றிச் சென்றேன். சாய்வு நாற்காலியில், நெஞ்சுக்கு நேரே தட்டுப்பலகை பூட்டப்பட்டு, எச்சில் வழிய உறங்கிக்கொண்டிருந்தார். தட்டில் உணவு எதுவும் இல்லை. விழுந்துவிடாமல் இருக்கத்தான் என்றார் செவிலியர். மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கினால், எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் க்வெட்டியாபின் என்ற மனநோய் மருந்தைச் சேர்த்திருந்தார்கள்; காரணம், 'மாலையில் கூச்சல்'.

ஆம்புட்ஸ்மேன் என்பவர் இத்தகைய இல்லங்களில் இருப்போரின் புகார்களைக் கேட்டு, அவர்கள் சார்பில் பேசுபவர். அவருடைய அலுவலக எண்ணைச் சுவரில் ஒட்டிவைப்பது அங்கே கட்டாயம். ஒட்டியிருந்தார்கள், பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால். அழைத்த ஆறாம் நாள் ஒரு தன்னார்வலர் வந்தார். என்னிடம் பேசுவதற்கு முன் அப்பாவின் அருகில் அமர்ந்து, அந்தத் தட்டை அவரே எடுக்கும்படி சைகை காட்டினார். அப்பாவால் முடியவில்லை. உடம்போடு ஒட்டி, அவரே எளிதில் அகற்ற முடியாமல் நடமாட்டத்தைத் தடுக்கும் எதுவும் கட்டிப்போடுவதுதான் என்று விளக்கினார். இடுப்புப் பட்டையானாலும் சரி, சுவரோடு நெருக்கி நிறுத்திய சக்கர நாற்காலியானாலும் சரி. தண்டனைக்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ உடலைக் கட்டுவதையும், மருந்தால் அடக்குவதையும் 1987-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அடுத்த வாரம் நடந்த பராமரிப்புக் கூட்டத்தில், 'இந்த மருந்து எந்த நோய்க்குறிக்கு?' என்ற ஒரே கேள்வியை அவர் மூன்று முறை கேட்டார். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளால் மரண அபாயம் கூடுகிறது என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை விடுத்திருப்பதையும் நினைவூட்டினார். மாலைக் கூச்சலின் பொருளை நான் சொன்னேன்: ஆங்கிலத்தை மறந்துவிட்ட அப்பா, 'ஒண்ணுக்குப் போகணும்' என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான்கு மணிக்குக் கழிவறைக்கு அழைத்துச் செல்வதென முடிவாயிற்று. தட்டு அன்றே போயிற்று. மருந்தை மருத்துவர் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். பிறகு ஒருமுறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இருந்தும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

குறைகளும் உண்டு. பூட்டப்பட்டிருப்பவருக்கு ஆறு நாள் என்பது நீண்ட காலம். அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆம்புட்ஸ்மேனுக்கு இல்லை. அதற்கு மாநில ஆய்வுத் துறையிடம் தனியே புகார் தரவேண்டும். குடியிருப்பவரோ அவருடைய பிரதிநிதியோ சம்மதிக்காமல் பெயரை வெளியிடமாட்டார்கள் என்பதால் பழிவாங்கலுக்கு அஞ்சுவோரும் துணிந்து பேசலாம். கட்டணம் எதுவும் இல்லை. ஐந்துக்கு நான்கு தருகிறேன். சுவரில் எண் கண்ணில் படாதவர்கள், முதியோர் சேவைகளுக்கான தேசிய எண் 1-800-677-1116-ஐ அழைத்தால் உங்கள் பகுதி அலுவலகத்தைச் சொல்வார்கள்.