நதிநீர்ப் பங்கீடு சுவர் வரைபடம்: போட்டித் தேர்வுக்கு வாங்கலாமா?

புதுச்சேரி ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் இந்த லேமினேட் வரைபடத்தில் சிந்துப் பகுதிதான் உருப்படி. 1960 சிந்து நதிநீர் ஒப்பந்தப்படி ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு ஒரு நிறம். சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு இன்னொன்று. செனாபில் சலால், பக்லிஹார் அணைகளும் உண்டு. மேல்மடைக்காரன் கை எங்கே ஓங்கும் என்பது பார்த்ததும் புரியும். 2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்த தகவல் மட்டும் வரைபடத்தில் இல்லை. பழைய அச்சு!

கங்கையின் ஃபராக்கா தடுப்பணையை வங்கதேசத்துக்குள் போட்டிருக்கிறார்கள். அது எல்லைக்கு மேலே, மேற்கு வங்கத்தில் இருக்கிறது. 1996 இந்தியா-வங்கதேச கங்கை நீர் ஒப்பந்தமே அங்கு வரும் நீரை அளந்துதான் பங்கு பிரிக்கிறது என்பதால் இது சின்னப் பிழையல்ல.

காவிரிக்கு ஒரு மூலைதான். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்குக் கிடைத்த 7 டிஎம்சி காரைக்காலுக்கானது என்றாவது போட்டிருக்கலாம்.

மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். லேமினேஷன் மடிப்பில் வெடித்து, கடற்காற்று ஈரம் உள்ளே இறங்கிவிடும்.